சுட்டெண் மட்டும் போதாது, கம்பனிகளின் காலாண்டுக் கணக்கையும் தமிழில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். கொழும்புப் பங்குச் சந்தை பற்றி அதில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிச் செய்திதான். சந்தையின் பொதுவான விலைப் போக்கைக் காட்டுகிற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இத்தனை புள்ளியால் ஏறியது, மொத்தப் புரள்வு இத்தனை கோடி ரூபா, அதிகம் ஏறிய பங்குகள் இவை, இறங்கியவை இவை. இதை வாசித்துவிட்டு ஒருவர் என்ன முடிவு எடுக்க முடியும்? அந்தப் பங்குக்குப் பின்னால் இருக்கிற கம்பனி கடந்த மூன்று மாதத்தில் எவ்வளவு விற்றது, எவ்வளவு உழைத்தது, கடன் கூடியதா குறைந்ததா, கையில் காசு வந்ததா என்பதெல்லாம் தெரிந்தால்தான் விலை கூடவா குறையவா என்று பேசவே முடியும். அதைத் தமிழில் ஒழுங்காகத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. களுவாஞ்சிகுடி, கல்லாறு, காரைதீவு என்று எங்கள் பக்கத்தில் ஓய்வூதியக் கொடுப்பனவை வைத்திருந்தவர்கள், கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய காசை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதில்தான் போட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள். பிறகு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த வட்டியில் பிடிக்கிற வரியும் 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. வைப்பு முதிர்ந்து காசைக் கையில் எடுத்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று விசாரித்துத் திரிகிற இந்த நேரத்தில்தான், சுட்டெண் 2024 முடிவில் 15,900 ஐத் தாண்டி 2025 இல் 20,000 ஐயும் கடந்தது என்ற செய்தி அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. கணக்குத் திறப்பதற்குக் கொழும்புக்கு பஸ் ஏறவும் தேவையில்லை, 2020 இலிருந்து கைபேசியிலேயே திறக்கலாம். "மனே, இந்த ஷெயாரில காசு போட்டா பெருகுமாம், மெய்தானா?" என்று எழுபது வயது தாண்டிய பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்தக் கம்பனி, என்ன விலை, அது எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்காமல் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது.

தமிழில் தகவல் இல்லாத இடத்தை வட்ஸ்அப் பிடித்துக்கொண்டது. "நாளைக்கு ரிசல்ட் வருது, இண்டைக்கே வாங்கி வையுங்க" என்று யாரென்று தெரியாத ஒருவர் குழுவில் போடுகிறார், ஐந்நூறு பேர் வாசிக்கிறார்கள். போட்டவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரா, விற்கப் போகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பங்குச் சந்தை என்று பெயரைச் சொல்லிக்கொண்டு, மாதம் இத்தனை வீதம் நிச்சயம் என்று காசு வாங்குகிற கூட்டமும் இதற்குள்ளேயே நுழைகிறது. தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் இவை என்று மத்திய வங்கி பெயர் போட்டுப் பட்டியலே வெளியிட்டிருந்தும் ஆக்கள் போய் விழுகிறார்கள். ஒரு கம்பனியின் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்த ஒருவர், நிச்சய இலாபம் என்று சொல்பவரிடம் முதலில் கேட்பது "உங்கள் நிதிக்கூற்று எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.

ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர், இப்போது கல்முனையில் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினார். "சேர், இந்தக் கம்பனிட லாபம் மூண்டு மடங்காம், விலை இன்னும் ஏறல்ல" என்றார். சரி, கணக்கையே பார்ப்போம் என்று பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இருந்த காலாண்டுக் கூற்றை இறக்கினோம். அதற்குக் கட்டணம் இல்லை, யாரும் எடுக்கலாம். பக்கத்தைத் திறந்ததும் முதல் குழப்பம், குழுமத்துக்கு, அதாவது தாய்க் கம்பனியும் துணைக் கம்பனிகளும் சேர்ந்ததுக்கு ஒரு நிரல், தாய்க் கம்பனிக்கு மட்டும் இன்னொரு நிரல். அவர் கம்பனி நிரலைத்தான் பார்த்திருந்தார், அதில் துணைக் கம்பனிகள் தாய்க் கம்பனிக்குக் கொடுத்த பங்கிலாபமும் வருமானமாகச் சேர்ந்திருக்கும். பார்க்கவேண்டியது குழும நிரலை. அங்கேயும் இலாபம் மூன்று மடங்காகத்தான் இருந்தது.

இலக்கங்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். போன வருடம் அதே காலாண்டில் 200 மில்லியன் ரூபா, இந்த வருடம் 600 மில்லியன். பங்குகள் 100 மில்லியன் என்றால் பங்கொன்றுக்கான உழைப்பு 6 ரூபா. நாலால் பெருக்கினால் வருடத்துக்கு 24 ரூபா, பங்கின் விலையோ 120 ரூபா. உழைப்பைப் போல ஐந்து மடங்கு விலைதான், மலிவு என்று யாருக்கும் தோன்றும். ஆனால் "ஏனைய வருமானம்" என்ற வரிசையில் விரலை வைத்து, அதற்குரிய குறிப்புக்குப் போனால் 380 மில்லியன் முதலீட்டு ஆதனத்தின் நியாயப் பெறுமதி கூடியதால் வந்த இலாபம். அதாவது கம்பனிக்குச் சொந்தமான காணியின் மதிப்பைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். காணி விற்கவில்லை, காசு வரவில்லை. அது பிழையான கணக்கு என்று நான் சொல்லவில்லை, கணக்கீட்டு நியமம் அப்படிக் காட்ட இடம் தருகிறது. ஆனால் அது அடுத்த காலாண்டிலும் வரும் என்று நம்பமுடியாது. அதைக் கழித்தால் மிச்சம் 220 மில்லியன், போன வருடத்தைவிட 10 வீதம்தான் கூட. பங்கொன்றுக்கு 2 ரூபா 20 சதம், வருடத்துக்கு 8 ரூபா 80 சதம், அப்படிப் பார்த்தால் 120 ரூபா விலை உழைப்பைப் போல பதின்மூன்றரை மடங்குக்கு மேல். மலிவு என்ற கதை அங்கேயே முடிந்தது.

இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, காசு வந்ததையும் போனதையும் காட்டுகிற காசுப்பாய்ச்சல் கூற்றைப் பார்த்தோம். தொழிற்பாட்டிலிருந்து வந்த காசு மறைப் பெறுமானத்தில் இருந்தது, அதாவது வந்ததைவிடப் போனது கூட. ஏன் என்று சொத்தையும் கடனையும் காட்டுகிற ஐந்தொகைக்குத் திரும்பினால் வியாபார வருமதி, அதாவது வாங்கியவர்கள் தரவேண்டிய காசு, ஊதிப்போய் இருக்கிறது, கடனுக்கு விற்றிருக்கிறார்கள், காசு சேரவில்லை. கடை நடத்துகிற அவருக்கு இதை நான் விளக்கவேண்டி இருக்கவில்லை, கண்டவுடனேயே புரிந்தது. கடைசிப் பக்கத்தில் முதல் 20 பங்குதாரரின் பட்டியலும் பொதுமக்கள் கையில் எத்தனை வீதம் இருக்கிறது என்பதும் இருக்கும். அந்த வீதம் மிகச் சிறியது என்றால், விற்க நினைக்கிற நாளில் வாங்க ஆள் இருக்காது. அவர் அன்றைக்கு வாங்கவில்லை. அந்தப் பங்கு அடுத்த கிழமை ஏறியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும், விலை ஏறுவதற்குக் கணக்கு ஒன்றுதான் காரணம் என்றில்லை. ஆனாலும் என்ன வாங்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொன்னார், அவருடைய காசு, அவருடைய முடிவு. இப்போது ஒவ்வொரு காலாண்டும் தானே இறக்கிப் பார்க்கிறார்.

நாடு அறிந்த கம்பனிகளிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. எக்ஸ்போலங்கா சரக்கு அனுப்புகிற கம்பனி. 2020 ஆரம்பத்தில் ஒற்றை இலக்க விலையில் கிடந்த பங்கு, கொவிட் காலத்தில் உலகம் முழுவதும் சரக்குக் கட்டணம் ஏறியதால் இலாபம் பெருகி, 2022 ஜனவரியில் 400 ரூபாவுக்குக் கிட்டப் போனது. கட்டணம் இறங்கியதும் இலாபம் கரைந்து நட்டத்துக்கும் போனது, கடைசியில் ஜப்பானிய உரிமையாளர்கள் 2024 இல் பங்கொன்றுக்கு 185 ரூபா கொடுத்து அதைச் சந்தையிலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். உச்சத்தில் வாங்கியவர்கள் பார்த்தது அந்தக் காலாண்டின் உழைப்பை, அது எதனால் வந்தது என்பதையும் அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் அல்ல. அதே 2022 இல் தொலைபேசிக் கம்பனியான டயலொக் பெரிய நட்டம் காட்டியது. அழைப்புகள் குறைந்ததால் வந்த நட்டம் இல்லை, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது டொலரில் எடுத்த கடன் ரூபாக் கணக்கில் வீங்கியதுதான் பெரிய காரணம். டொலரில் உழைக்கிற ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு அதே காலத்தில் நாணயமாற்று இலாபம் கொட்டியது. இரண்டுமே தொடர்ந்து வருகிற விஷயம் இல்லை. வங்கிகளையும் அப்படித்தான் பார்க்கவேண்டும், நாட்டின் பிணைமுறிகளில் நட்டம் வரலாம் என்று முன்பு ஒதுக்கி வைத்த பெறுமதிக்குறைவு ஏற்பாட்டை 2024 இல் திருப்பி எடுத்ததில் ஒரு பகுதி இலாபம் வந்தது, அடுத்த வருடமும் அதே வேகம் என்று கோடு இழுத்தால் கணக்குப் பிழைக்கும்.

இன்னொன்று, விலை குறைந்த பங்கு மலிவான பங்கு என்று நினைப்பது. பெரிய குழுமமான ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் 2024 கடைசியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்தது 20 ரூபாவுக்குக் கிட்ட வந்தது. "கீல்ஸ் 22 ரூபாவுக்குக் கிடக்கு சேர்" என்று சந்தோஷமாகச் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். பங்கொன்றுக்கான உழைப்பும் பத்திலொன்றாகிவிட்டது என்பதைப் பத்திரிகை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

பருவம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஆக்களுக்கு இலகுவாகப் புரியக்கூடியது. பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் சுற்றுலாக்காரர் வருவது சித்திரைக்குப் பிறகு, புரட்டாசி வரை. மேற்கு, தெற்குக் கரைக்கு வருவது மார்கழியிலிருந்து பங்குனி வரை. ஹோட்டல் கம்பனி ஒன்றின் ஜூன் காலாண்டை மார்ச் காலாண்டோடு ஒப்பிட்டு விழுந்துவிட்டது என்று எழுதுவதில் அர்த்தமில்லை, போன வருட ஜூன் காலாண்டோடுதான் ஒப்பிடவேண்டும். வயலைக் குத்தகைக்கு எடுக்கிறவர் மாரி விளைச்சலைப் போன மாரியோடுதான் ஒப்பிடுவார், சிறுபோகத்தோடு ஒப்பிடமாட்டார், இதுவும் அதே கணக்குத்தான். ஆனால் செய்திகளில் எந்தக் காலாண்டோடு ஒப்பிட்டார்கள் என்றே சொல்லாமல் "இலாபம் 40 வீதத்தால் உயர்வு" என்று போட்டுவிடுகிறார்கள்.

முதலீட்டு யோசனை கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது, கல்முனை, அக்கரைப்பற்று வீதிகளில் புது வாகனம் ஓடத் தொடங்கியதையும் லீசிங் கம்பனிகளில் ஆட்கள் காத்திருந்ததையும் எல்லாரும் கண்டோம். வாகனம் விற்கிற கம்பனியும் கடன் கொடுக்கிற நிதிக் கம்பனியும் இதில் உழைக்கும் என்று யோசிக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஹிங்குரானைச் சீனி ஆலையில் பிறவுண்ஸ், எல்ஓஎல்சி ஆகிய பெரிய கம்பனிகளுக்குப் பங்கு இருக்கிறது என்பது அம்பாறையில் கரும்பு செய்கிறவர்களுக்குத் தெரியும். கண்ணால் காண்கிறது யோசனைக்குத் தொடக்கம், அவ்வளவுதான். கண்டதை அடுத்த காலாண்டுக் கணக்கில் போய்ச் சரிபார்க்கவேண்டும். விற்பனை கூடியும் இலாப எல்லை, அதாவது விற்பனையில் இலாபமாக மிஞ்சுகிற வீதம், சுருங்கியிருக்கலாம், அல்லது அந்த நல்ல செய்தியெல்லாம் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். பெரிய குழுமத்துக்குள் ஒரு சீனி ஆலையின் பங்கு எவ்வளவு சிறியது என்பதும் துறைவாரிக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

அவசரக்காரருக்கு ஒரு கணக்கு. பத்துக் கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு, தரகுக் கூலி, தீர்வை எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போதும் 1.12 வீதம். ஒருமுறை வாங்கி விற்றாலே 2.24 வீதம் போய்விடும். தரகர் தருகிற கடனில் வாங்குவது பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டிய சுட்டெண் ஏப்ரல் முடிவில் 8,000 க்குக் கீழே வந்தது, இடையில் ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைத்தார்கள். கடனில் வாங்கியிருந்தவரால் அந்த ஐந்து நாளும் விற்கவும் முடியவில்லை, நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை.

எங்கள் பகுதியில் வட்டி வேண்டாம் என்று வைப்பே போடாத முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். காணியிலும் நகையிலும் மட்டும் காசை முடக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையான தொழில் செய்கிற கம்பனியில் பங்காளியாவதில் பலருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்தக் கம்பனிக்கு வட்டிக் கடன் எவ்வளவு, வட்டி வருமானம் எவ்வளவு என்று அறிந்துதான் சேர விரும்புவார்கள். அந்த விபரமும் அதே காலாண்டுக் கூற்றில்தான் இருக்கிறது. மார்க்க விளக்கத்தை உலமாக்கள் சொல்லட்டும், இலக்கத்தைத் தமிழில் தருவது பத்திரிகையால் முடியும்.

இனி என் கோரிக்கை. கம்பனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் இடைக்காலக் கணக்கைக் கொடுக்கவேண்டும், நாலாவது காலாண்டுக்கு மட்டும் இரண்டு மாதம். வங்கிகளுக்கு வருடம் டிசம்பரில் முடிகிறது, மற்றக் கம்பனிகளில் அநேகமானவற்றுக்கு மார்ச்சில். ஆகவே பெப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் கணக்குகள் குவியும். அந்த நாலு மாதமும் கிழமைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு கம்பனி போதும். வருமானம், தொழிற்பாட்டு இலாபம், பங்கொன்றுக்கான உழைப்பு, போன வருடம் அதே காலாண்டில் இவை எவ்வளவு, ஒருமுறை மட்டும் வந்த இலாபமோ நட்டமோ இருந்தால் அது எவ்வளவு, தொழிற்பாட்டிலிருந்து காசு வந்ததா, பங்கிலாபம் உண்டா. அதற்குக் கீழே நாலு வரி விளக்கம். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்ற ஆலோசனை வேண்டவே வேண்டாம், அதைச் செய்யப் போனால் தரகர்களின் விளம்பரம் செய்தி வேஷத்தில் உள்ளே வந்துவிடும். எழுதுகிறவர் அந்தப் பங்கை வைத்திருந்தால் அதையும் கீழே போடவேண்டும்.

இதற்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகள் கணக்கீட்டை உயர்தரம் வரை தமிழிலேயே படிக்கிறார்கள். ஐந்தொகை, காசுப்பாய்ச்சல் கூற்று, பெறுமானத் தேய்வு எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வர்த்தக, முகாமைத்துவ பீடங்கள் இருக்கின்றன. மாணவர்கள் தயாரித்து, ஒரு விரிவுரையாளர் பார்த்துச் சரி என்றால் பத்திரிகைக்கு அனுப்பலாம், அவர்களுக்கும் அது வேலைக்கு உதவுகிற பழக்கம். இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், நானும் உதவத் தயார், அதற்குக் கொடுப்பனவு எதுவும் வேண்டாம்.

வங்கிகளின் கணக்குகள் உங்கள் பத்திரிகையிலேயே தமிழில் விளம்பரமாக வருகின்றன, பொடி எழுத்தில், அரைப் பக்கத்துக்கு. அதை வாசிக்கிற ஆள் குறைவு. முதல் முயற்சியாக அடுத்த முறை அப்படி ஒரு விளம்பரம் வரும்போது, அதே இதழில் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி கட்டி, தேறிய வட்டி வருமானம் எது, அறவிடமுடியாக் கடனுக்கு ஒதுக்கியது எது, வரிக்குப் பின் மிஞ்சியது எது, போன வருடம் என்ன என்று மட்டும் விளக்கிப் போடுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு இல்லை, இலக்கம் உங்களிடமே இருக்கிறது. வாசகர்கள் வாசிக்கிறார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும், பிறகு மற்றக் கம்பனிகளுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கீட்டு ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.